பனிமலைக்கு மேலே போட்டு உடைத்த ரகசியம்

அந்தக் குட்டி விமானத்துக்குள் ஏறியதும் முதலில் முகத்தில் அடித்தது பெட்ரோல் வாசனைதான். கூடவே பழைய சீட்டின் ரெக்சின் வாடை, யாரோ எப்போதோ சிந்திய காபி... வேறு நாளாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அன்று குடல் வாய் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் மோட்டல் பாத்ரூமில் இரண்டு கோடு பார்த்திருந்தேன்.

ஆக்லாந்தில் இருந்த கணவர் கார்த்திக்குக்கூடச் சொல்லவில்லை. நேரில் சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை. மற்றவர்களுக்கு? மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்பதுதான் நம்ம வீடுகளில் சட்டமாச்சே...

அது என் முதல் வேலை. கோடை முடிகிற சமயத்தில் தென் தீவின் மலைகளுக்கு மேலே பறந்து, கரையாமல் மிஞ்சிய பனி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று ஒவ்வொரு பனியாற்றையும் போட்டோ எடுக்க வேண்டும். விருதுநகர் வெயிலில் வளர்ந்தவளுக்கு வந்து வாய்த்த வேலையைப் பாருங்கள்!

விமானத்தில் நாங்கள் இரண்டே பேர். பைலட் தர்ஷினி, யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் வளர்ந்தவள். என்னைவிடச் சின்னவள். பார்த்த அன்றே என்னை அக்காவாக்கிவிட்டாள்.

"அக்கா, சத்தி வந்தா பை சீட்டுக்குப் பின்னால கிடக்கு. என்ரை பக்கம் மட்டும் திரும்பிப்போடாதேங்கோ!" வாந்தியைத்தான் அப்படிச் சொன்னாள்.

மேலே போன பிறகு சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. பாதை இல்லை, கூரை இல்லை, ஒரு கம்பிவேலிகூட இல்லை. மடிப்பு மடிப்பாக வெள்ளை. இடுக்குகளில் மட்டும் நீலம். போட்டோ எடுக்க ஜன்னலைத் திறந்தால் காற்று காதோடு அறையும். விரல் மரத்துப்போய், பட்டனை அழுத்தினேனா இல்லையா என்றே தெரியாது.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் தர்ஷினி நட்டநடுவில் போகாமல் ஒரு பக்கத்து மலையை ஒட்டியே ஓட்டினாள். இறக்கைக்குப் பக்கத்தில் பாறை. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏம்மா, நடுவுல இவ்ளோ இடம் இருக்கே... நடுவுல போயேன்!"

"நடுவில போனா ரெண்டு பக்கமும் பாதி இடந்தான் அக்கா. ஓரத்தில போனாத்தான் திரும்புறதுக்கு முழு இடமும் கிடைக்கும். விளங்குதோ?"

விளங்கியது. பயம் மட்டும் குறையவில்லை.

ஒரே ஒரு பனியாறு பாக்கி. அது எதிரே இரண்டு சிகரங்களுக்கு நடுவில் தாழ்ந்திருந்த கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. போன ஐந்து நிமிடத்தில் அந்தக் கணவாய்க்கு மேலே சாம்பல் நிறத்தில் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியும் மங்கிக்கொண்டிருந்தது.

தர்ஷினி கணவாயைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் என்னை ரொம்பக் கலக்கியது. எனக்காகத்தான், அந்தக் கடைசி போட்டோவுக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறாளோ? வேண்டாம் என்று நான் சொன்னால்தான் திரும்புவாளோ?

கை தானாக வயிற்றுக்குப் போனது.

"தர்ஷினி... நான் ப்ரெக்னன்ட்."

ஹெட்செட்டில் கரகரப்போடு அவள் குரல். "அக்கா, இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ. இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

இறக்கை செங்குத்தாக நின்றது. வானம் இருந்த இடத்தில் பனி. பனி இருந்த இடத்தில் வானம். பள்ளத்தாக்கின் அகலம் முழுவதும் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. விருதுநகரில் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். ஒரு சாமியையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் இறக்கை சமமானது. மேகத்துக்குக் கீழே, ஆற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். ஒரு வளைவு தாண்டியதும் காய்ந்த புல்வெளி. அதில் ஒரு ரோடு. ரோட்டில் ஒரு பால் லாரி... வாழ்க்கையில் ஒரு லாரியைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.

தரை தட்டி, என்ஜின் நின்றதும் தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "முந்தியே சொல்லியிருக்கலாமெல்லே!"

"மூணு மாசம் சொல்லக் கூடாதுடி... நான் சொன்னதாலதானே திருப்பின?"

"ஐயோ அக்கா, நான் உங்களுக்காகத் திருப்பேல்லை. நீங்கள் வாயத் திறக்க முன்னமே முடிவெடுத்திட்டன். சும்மா உளறிப்போட்டியள்!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் வீட்டுக்கு வந்து சொன்னபோது கார்த்தி சந்தோஷத்தில் குதித்துவிட்டு, முழுக் கதையையும் கேட்ட பிறகு முறைத்தார். "அப்பாவுக்கு முன்னாடி பைலட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. நல்லா இருக்குடி நியாயம்!" இன்றுவரை அந்தக் குறை அவருக்குத் தீரவில்லை.

அதற்கப்புறம் நான் பறக்கப் போகவில்லை. கேட்டார்கள், நான்தான் மாட்டேன் என்றேன். இப்போது ஆக்லாந்தில், ரானுயி வீட்டில் உட்கார்ந்து, வேறு யாரோ எடுத்து அனுப்பும் போட்டோக்களில் பனி தொடங்கும் கோட்டைக் குறிக்கிறேன். சில சமயம் படத்தின் ஓரத்தில் இறக்கை நுனி தெரியும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்... தர்ஷினி ஆஸ்திரேலியா போய்விட்டாள். பெரிய விமானம் ஓட்டுகிறாள்.

அன்று தரையைத் தொட்டதும் பயம் முடிந்தது என்று நினைத்தேன். என் மகள் இனியாவுக்கு இப்போது நான்கு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். கொதிக்கிற உடம்போடு "அம்மா, ஐ'ம் கோல்ட்" என்று குளிருக்கு அவள் ஒட்டிக்கொண்டபோது, அன்றைக்கு முடிவெடுக்கப் பக்கத்து சீட்டில் ஒருத்தியாவது இருந்தாளே என்றுதான் தோன்றியது.

இன்று சாயங்காலம் சட்டை நனைய வியர்த்து, காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து டோஸ்ட் கேட்டாள். முதல் வேலையாக தர்ஷினிக்குத்தான் மெசேஜ் போட்டேன். கார்த்திக்குத் தெரிய வேண்டாம்!

பதில் உடனே வந்தது. "அப்பாடா! லேண்ட் பண்ணீட்டியளோ அக்கா?"

பண்ணிட்டோம்மா... இப்போதைக்கு.