முடியாது அண்ணன் கட்டிய சாரம்

என் அக்கா பெயின்டர். எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் நகர மாட்டாள். எனக்குப் பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அரக்கப் பரக்க ஓடி வந்தவள், முதலில் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டி, "பிரைமர் வைக்காமலே அடிச்சிருக்கான் பாரு, பாவி" என்று திட்டிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்ல ஃபினிஷிங்" என்றாள்.

அவள் கை படாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அத்தனை தெருவிலும் அவள் அடித்தது கை எட்டும் உயரம் வரைதான். சாரத்தில் ஏறுவது ஆண்கள். கீழே நின்று சுரண்டுவதும் தேய்ப்பதும் பட்டி பூசிச் சமன் செய்வதும் அக்கா. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைப் போல நேராகக் கோடு இழுக்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வராது, அவள் புருஷனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாமாவும் பெயின்டர்தான். தங்கமான மனிதர், ஆனால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதும் சொந்தக் கான்ட்ராக்டாகக் கிடைத்தது. என் தையல் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள்.

"நாலு மாடிடி! மொத்தமும் என் பொறுப்பு. உச்சியில முதல் பிரஷ் நான்தான் வைக்கப்போறேன்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரித்துக்கொண்டே, "சாரம் யாரு கட்டுவா?" என்று கேட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஏறி நிற்கப்போவது இன்னொருத்தர் கட்டும் குழாய்மேலும் பலகைமேலும். கட்டுகிற ஆள் சரியில்லை என்றால் மேலே ஏறுவது இருக்கட்டும், அவளே மிஞ்சமாட்டாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்பினேன். முதலில் பார்த்த சாரக்காரர் படு ஜோர். அவருடைய கிடங்கில் இரும்புக் குழாய்கள் நீல நிறத்தில் பளபளவென்று அடுக்கியிருந்தன. அக்கா சொக்கிப் போனாள்.

"என்ன வழவழப்பு! துளி வழிசல் இருக்கா பாரு!"

"பழசையெல்லாம் வச்சு உங்களை ஏமாத்துவோமாக்கா?" என்றார் அவர்.

அக்கா கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டாள். ஆனால் பழக்கதோஷம் விடுமா? இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் பட்டித் தகட்டை எடுத்து, குழாயின் ஓரத்தை லேசாகச் சுரண்டினாள். நீலம் பொருக்காகக் கழன்றது. உள்ளே துரு, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "விரிசலை மறைக்கத்தான் பெயின்ட் அடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானே மயங்கிட்டேனே!" எனக்கு ஒரே சிரிப்பு. அவளுக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் நடுத்தெருவில் பைத்தியங்கள் போலச் சிரித்தோம்.

அடுத்தது வீட்டு ஆள். மாமாவின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தன், அவனும் சாரம் கட்டுபவன். சிரித்த முகம், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத பிள்ளை.

"சுவரோட எத்தனை இடத்துல இழுத்துக் கட்டுவே?" என்று கேட்டாள் அக்கா.

"பாத்துக்கலாம் அண்ணி."

"காத்து அடிச்சா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"நான் உச்சிக்கு ஏறணும்."

அவன் சிரித்தான். "நீங்களா! சரி, பாத்துக்கலாம்."

அவனை வேண்டாம் என்றதும் வீட்டில் முகங்கள் தொங்கிப்போயின. மாமா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "வெளியாளை வச்சா நல்லாவா இருக்கும்?" என்று முனகினார். அக்கா கொழுந்தனையே நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நான் விழுந்தா அழறதுக்கு நீ வேணும்டா. கட்டறதுக்கு வேண்டாம்." அவன் எழுந்து போனான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒருவர், முடியாது அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அதனாலேயே பலர் அவர் பக்கம் போவதில்லை. கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தவர், தரையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார்.

"நாளைக்கே ஆரம்பிச்சுடலாமாண்ணே?" என்றாள் அக்கா.

"முடியாது."

"ஏன்?"

"இந்தப் பக்கம் மண்ணு இளகிக் கிடக்கு. அடியில பலகை போடாம சாரத்துக் கால் ஊன்ற முடியாது."

"மேல் தட்டுல நாலு பேர் சேர்ந்து வேலை செய்யலாமா?"

"முடியாது. ரெண்டு பேர்தான்."

"மழை பெஞ்சு நின்னதும் ஏறிடலாம்ல?"

"முடியாது. நான் வந்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாத்தப்புறம்தான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவின் முகமோ மலர்ந்துகொண்டே போனது. அவள் தேடிக்கொண்டிருந்த பதில்கள் அத்தனையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தன. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. இவரும் அதற்கு அதையே சொல்லிவிட்டால்? வேறு ஆள் கிடையாது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, மேல ஏறப்போறது நான். பொம்பளை ஏறலாம்ல?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை அவள் காலில் போய் நின்றது.

"முடியாது," என்றார். நான் கிளம்பத் திரும்பினேன். "அந்தச் செருப்போட முடியாது. வழுக்கும். நல்ல பிடிப்பான ஷூ வாங்கிக்கோங்க."

அக்கா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "வாங்கறேண்ணே! இன்னைக்கே வாங்கறேன்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் அதற்குள் அளவு நாடாவை விரித்துவிட்டார்.

சாரம் மெல்ல எழுந்தது. கடைசித் தட்டில் கைப்பிடிக் குழாயைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, முடியாது அண்ணன் இறங்கி வந்து ஒதுங்கி நின்றார். புது ஷூவோடு அக்கா கால் வைத்தாள். ஒவ்வொரு தட்டாக ஏறினாள். "பாத்து! பாத்து!" என்று நான் கத்திய கத்தலில் தெருவே அண்ணாந்து பார்த்தது. உச்சிக்குப் போனதும் அவள் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க! பக்கெட்டைக் கட்டி விடுங்க!"

மாமா கயிறும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார். கல்யாணமான நாளிலிருந்து மேலே நின்று இப்படிக் கூப்பிட்டது அவர். பெயின்ட் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி விட்டது அவள். பக்கெட் பிடியில் அவர் ஒரு முடிச்சுப் போட்டார், அது அவிழ்ந்தது. மறுபடி போட்டார், அதுவும் அவிழ்ந்தது.

அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். "இதை எப்படிடி கட்டறது?"

நான்கு மாடி உயரத்திலிருந்து அக்கா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு சுற்று, அடியில் விட்டு இழுக்க வேண்டும் என்று கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தாள். மாமா கட்டினார், இழுத்துப் பார்த்தார், இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார்.

"நிக்குது!" என்று கூவினார். "இழுத்துக்கோ!"

பக்கெட் மேலே போனது.