நிரையை விட்ட கண்டாக்கு

மாயாண்டியின் வலது முழங்காலை உடைத்தவன் பெயர் சிறில். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாயாண்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பேர் வந்து, "அண்ணே, பழைய பகையெல்லாம் எழுதாதீங்க, நல்லதா நாலு எழுதுங்க" என்றார்கள். நல்லதாக எழுத அவன் என்ன கோயிலா கட்டினான்? பழி வாங்கினான். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பெரியகல் தோட்டம் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. மாயாண்டி அங்கே கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி ஆளுயரம் போகாமல் கத்தியால் வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. சரிவில் காலை ஊன்றி நின்று, ஒரே வீச்சில் கிளையைச் சாய்க்க வேண்டும். அப்படி ஊன்றிப் பழகிய கால் பந்தை உதைத்தால் எப்படிப் போகும்? தோட்டத்து அணியில் அவன்தான் நடு முன்வரிசை, சென்டர். நான் பின்னால் நிற்கும் பேக்.

சிறில் அப்போது எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மலையில் எங்களை வேலை வாங்குகிறவன், மைதானத்தில் எங்களோடு ஆடுகிறவன். நாங்கள் வெறுங்கால், அவன் மட்டும் பூட்ஸ். எங்கள் சனத்தின் ஓட்டுரிமையைப் பறித்த மறு வருஷம் அது. மலையிலும் பேச முடியாது, நாட்டிலும் பேச முடியாது. மைதானத்தில் மட்டும்தான் ஒருவனைத் தாண்டிப் போக முடியும். ஒரு நாள் பழக்க ஆட்டத்தில் மாயாண்டி சிறிலைத் தாண்டிப் போனான். சனம் கைதட்டியது. மறுபடியும் தாண்டினான். பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த தடவை சிறில் பந்தைப் பார்க்கவே இல்லை. பூட்ஸ் காலைத் தூக்கி முழங்காலில் இறக்கினான். கவ்வாத்துக் கத்தி பச்சைக் கிளையில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பேக் நிற்கும் இடம் வரை கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் கொஞ்சம் கோணி நின்றது. நடக்கலாம், சரிவில் ஊன்ற முடியாது. விடிந்தும் விடியாமல் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கிறோம். மாயாண்டி பழக்கத்தில் கத்தியோடு கவ்வாத்து ஆட்களின் பக்கம் வந்து நின்றான். சிறில் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"மாயாண்டி, கத்திய வச்சிட்டுக் கூடைய எடு. பொம்பளைங்களோட கொழுந்துக்குப் போ."

களம் சிரித்தது. மாயாண்டி கத்தியைத் தரையில் வைத்தான்.

கொழுந்து மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. அன்றைக்கு அவளுக்கென்று பிரித்துக் கொடுத்த செடி வரிசை அது. அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டை. தன் நிரையில் ஒரு செடியை எடுக்காமல் விட்டுப் போனால் மானக்கேடு. மாயாண்டியின் விரல் கத்திக்குப் பழகிய விரல். கொழுந்து எடுக்கத் தெரியாமல் செடி செடியாக விட்டான். சிறில் மேல் ரோட்டில் நின்று மலை முழுக்கக் கேட்கக் கத்துவான்.

"நிரைய விட்டுட்டுப் போறியேடா! போ, விட்ட எடத்தத் திரும்பி எடு!"

மாயாண்டி நொண்டிக்கொண்டே சரிவில் திரும்பி இறங்குவான். தினமும் இதுதான்.

ஒரு மாலை லயத்தில் கூடையை இறக்கி வைத்தவன், பெண்டாட்டி பேச்சியம்மாவிடம் சொன்னான். சுவர் ஒற்றைச் சுவர், எனக்கும் கேட்டது.

"சனம் பூராவும் பாக்க இந்தக் கூடைய அவன் தலையில மாட்டாம நான் சாக மாட்டேன்."

பேச்சியம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏங்க, நான் வயசுக்கு வந்த நாள்லருந்து தூக்குற கூடை. ஒங்களுக்கு ரெண்டு மாசத்துல அவமானமாப் போச்சா?"

"அதுக்குச் சொல்லலடி..."

"எதுக்குச் சொன்னாலும் சரி. அவன என்ன வேணாலும் பண்ணுங்க. ஏங் கூடைய அவன் மண்டையில மாட்டாதீங்க. அதுக்குன்னு ஒரு மருவாத இருக்கு."

மாயாண்டி கூடையை எடுத்து ஆணியில் மாட்டினான். ஆனால் பகை அப்படியே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சிறில் பக்கத்து ஆத்துமேட்டுத் தோட்டத்துக்குக் கண்டாக்காகப் போனான். கணக்கப்பிள்ளைக்கும் மேலான உத்தியோகம். அங்கே ஓர் அணி கட்டி, தானே தலைவனாகி, பின்வரிசை நடுவில் சுவர் மாதிரி நின்றான். அவனைத் தாண்டி எவனும் போக முடியவில்லை. வருஷா வருஷம் தோட்டங்களுக்குள் நடக்கும் கோப்பை ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தான். மாயாண்டி அப்போது எங்கள் பயல்களைப் பழக்குகிறவன், கோட்டுக்கு வெளியே நிற்பான். ஒவ்வொரு தடவையும் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போது சிறில் அவன் பக்கம் திரும்பிக் கேட்பான்:

"என்னா மாயாண்டி, கூடை கனமா?"

இப்படி இருக்கையில் சீமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை, தோட்டத்துப் பெரிய துரைக்கு உதவியாக, புதிதாக வந்து சேர்ந்தார். பந்துப் பைத்தியம். லண்டனில் ஹங்கேரிக்காரர்கள் வந்து இங்கிலீஷ்காரர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவராம். அந்த ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்று மைதானத்தில் கூழாங்கல்லைப் பரப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"சென்டர் ஆள் முன்னாலே நிக்க வேணாம். பின்னாலே வா. அந்தப் பக்கம் பெரிய ஆள், அவன் கூடவே வரும். அங்கே ஓட்டை. ரெண்டு ஆள் ஓட்டையிலே ஓடு. கோல்!"

கல்லில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. எங்கள் சென்டர் சோலைமலைக்கு முகம் சுருங்கியது. மாயாண்டிக்குப் பிறகு வந்த கவ்வாத்துக்காரன், மலைப்பாறை மாதிரி ஆள்.

"தொரைங்களே, நான் முன்னுக்குப் போயி அடிக்கிற ஆளு. பின்னுக்குப் போறது பயந்தவன் வேல."

ஆடிப் பார்த்தோம். கேவலம். முன்வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஐந்து நிரை பிடித்தவர்கள் போல நேராக மேலே போனார்கள், நேராகத் திரும்பி வந்தார்கள். அடுத்தவன் இடம் காலியாகக் கிடந்தாலும் எவனும் கால் வைக்கவில்லை. சின்னத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்த ஆட்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது, பழைய மாதிரியே ஆடுங்கள் என்று அவரே கல்லை எல்லாம் பொறுக்கிவிட்டார்.

மாயாண்டி அதில் ஒரு கல்லை மட்டும் கொடுக்கவில்லை. சிறிலுக்கு வைத்திருந்த பெரிய கல். அதைக் கையில் உருட்டிக்கொண்டே என்னிடம் வந்தான்.

"வீரய்யா, நம்ம பயலுகளுக்குப் பொருந்துதான்னே எல்லாரும் பாக்குறீங்க. இந்த ஆட்டம் சிறிலுக்குப் பொருந்தும்டா."

"அவன் எதிரியில்ல?"

"அதான் சொல்றேன். அவன் கண்டாக்கு. ஒரு ஆளு வேலைய விட்டுட்டு ஒதுங்குனா அவனுக்குப் பொறுக்காது. பின்னாலயே வருவான். எத்தன வருசம் என் முதுகுல நின்னு கத்துனவன், எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து மாயாண்டி ஆளைப் பொறுக்க ஆரம்பித்தான். சோலைமலையை நடுவிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். நடுவில் யாரைப் போட்டான் தெரியுமா? இராமையாவை! கொழுந்துச் சாக்குத் தூக்கும் இராமையா, பந்தை நேராக உதைக்கத் தெரியாதவன். மைதானமே சிரித்தது.

"மாயாண்டி மாமா, சாக்குக்காரனா சென்டரு?" என்று சோலைமலை குதித்தான். "அப்ப நான் என்னா, சாக்கா?"

"மலையில நிரைக்குக் குறுக்க நடக்குறவன் யாருடா? நீ நடக்குறியா? நான் நடக்குறேனா? சாக்குத் தூக்குறவன் மட்டுந்தான் மேல கீழ குறுக்க மறுக்கப் போயிட்டு வாரான். அவனுக்கு எடம்னு ஒண்ணு இல்ல. அதான் அவன்."

"அவன் பின்னால போனா நான் ஏன் அவன் எடத்துக்கு ஓடணும்? அது அவன் நிரை."

மாயாண்டி யோசித்தான். "பக்கத்து நிரைக்காரி காச்சல்ல படுத்துட்டா அந்த நிரைய யாரு எடுப்பா?"

"பக்கத்துல நிக்கிறவங்கதான்."

"இராமையா படுத்துட்டான்னு வச்சுக்க."

"நான் ஏன் அண்ணே படுக்கணும்?" என்று இராமையா கோபித்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சோலைமலை சிரிக்கவில்லை, அவனுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் இராமையா பின்னால் போனதும், "படுத்துட்டான்!" என்று கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்தான். அந்தச் சொல்லே எங்களுக்கு விசில் ஆகிவிட்டது. சின்னத்துரையும் தொடையில் தட்டிக்கொண்டு கத்துவார்: "படுத்திட்டான்! ஓடு!"

கோப்பை ஆட்டத்துக்கு லொறி பிடித்து ஹட்டனுக்குப் போனோம். மாயாண்டி முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினான். பேச்சியம்மா அதைப் பார்த்தாள். தானும் ஏறி அவன் எதிரே உட்கார்ந்தாள். வழி முழுக்க அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மைதானத்தில் சேறு. ஆட்டம் தொடங்கி இராமையா பின்னால் வந்தான். சிறில் அசையவில்லை! இடுப்பில் கை வைத்துத் தன் இடத்திலேயே நின்றான். மறுபடியும் வந்தான். அசையவில்லை. அதற்குள் ஆத்துமேடு ஒரு கோல் போட்டுவிட்டது. சிறில் எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

"என்னா மாயாண்டி, கூடையோடவே வந்துட்டியா?"

இடைவேளையில் சோலைமலை பல்லைக் கடித்தான். "என்னைய நடுவுல விடுங்க மாமா. இந்த ஆட்டம் நமக்கு ஆகாது." சின்னத்துரையும் தலையாட்டினார். மாயாண்டி யாரையும் பார்க்கவில்லை. இராமையாவின் தோளைப் பிடித்தான்.

"டேய், நீ ஓடுற. அதான் தப்பு. ஓடுறவன அவன் ஏன் பாக்கப் போறான்? வேலைக்குக் கள்ளம் பண்றவன் மாதிரி நட. காலச் சொறி. வானத்தப் பாரு. கொட்டாவி விடு."

"ஆட்டத்துலயா அண்ணே?"

"ஆட்டத்துலதான்டா. நீ மலையில செய்யிறததான் சொல்றேன்."

மறுபாதி. பந்து எங்கள் காலில் இருக்கிறது. இராமையா மெதுவாக நடந்து பின்னால் வந்தான். நின்றான். கெண்டைக்காலைச் சொறிந்தான். வானத்தைப் பார்த்துப் பெரிதாகக் கொட்டாவி விட்டான். சனம் சிரித்தது. சிறிலின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன்.

"டேய்! என்னாடா அங்க நிக்கிற?"

இராமையா முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனான். சிறில் வந்துவிட்டான். ஆட்டம் என்பதை மறந்து, கையை ஓங்கிக்கொண்டு, மலையில் ஆளைத் துரத்துகிற அதே நடை!

"படுத்துட்டான்!" சோலைமலை நடுவில் பாய்ந்தான். அங்கே எவனும் இல்லை. நான் அடித்த பந்து அவன் காலில் விழுந்தது. கோலி கண்ணை மூடிக்கொண்டான், கோல்!

அடுத்த முறை ஆத்துமேட்டுக் கோலி அலறினான்: "ஐயா, எடத்த விட்டுட்டுப் போகாதீங்க ஐயா!" சிறிலுக்குக் காது எங்கே கேட்டது? இராமையா கோட்டோரம் போய்க் குந்தி உட்கார்ந்து, காலில் முள் எடுக்கிற மாதிரி பாவனை செய்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கண்டாக்கு சும்மா நிற்பானா? போனான். சோலைமலை நடந்துபோய் அடித்தான், ஓடவே இல்லை.

விசில் ஊதியது. ஜெயித்துவிட்டோம். யாரும் கோப்பையைப் பார்க்கவில்லை. மாயாண்டி கோட்டைத் தாண்டி உள்ளே போனான். முதுகில் கூடை, நெற்றியில் கயிறு. நொண்டி நொண்டிச் சிறில் முன்னால் போய் நின்றான். கூடையை அவன் தலையில் மாட்டப் போகிறான் என்று எனக்குத் தெரியும். கண்டாக்கு தலையில் கை வைத்தவனைத் தோட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள். பேச்சியம்மாவும் கோட்டுக்கு வந்துவிட்டாள்.

மாயாண்டி கயிற்றில் கை வைத்தான். அவள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். கயிற்றை நெற்றியில் இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"கண்டாக்கையா, கூடையத் தூக்கச் சொன்னீங்க. தூக்கிட்டேன். இன்னைக்கும் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன்." பிறகு கையை நீட்டி, கோலுக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த சேற்றைக் காட்டினான். சிறிலின் அதே குரல், அதே இழுப்பு. "நிரைய விட்டுட்டுப் போறீங்களே! போங்க, விட்ட எடத்தத் திரும்பி எடுங்க!"

கோட்டோரத்தில் நின்ற கொழுந்துக்காரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை வருஷம் மலையில் வாங்கிக்கட்டிய சொல்! "திரும்பி எடுங்க கண்டாக்கையா! திரும்பி எடுங்க!" ஆத்துமேட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பதுதான் விசேஷம். சிறில் வாயைத் திறந்தான். அவன் வாயில் இருந்ததே அந்த ஒரு சொல்தான், அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

அன்றிலிருந்து அவன் பெயர் 'நிரைய விட்ட கண்டாக்கு'. ஆத்துமேட்டு மலையில் நின்று அவனால் ஒருத்தியைக்கூட அதட்ட முடியவில்லை. வாயைத் திறந்தால் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு வரும். மாற்றல் கேட்டு ராகலைப் பக்கம் போனான். பெயர் அவனுக்கு முந்தைய பஸ்ஸிலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மாயாண்டியின் கால் நேராகவில்லை. கடைசிவரை கொழுந்துதான் எடுத்தான். பிறகு ஒரு செடியைக்கூட விட்டதில்லை. போன வருஷம் செத்தான். அதற்குச் சில நாள் முன்னால் கேட்டேன், "சிறில இப்பயாச்சும் மன்னிச்சுட்டியாடா?" என்று.

"எதுக்கு?" என்றான். "வேல நல்லா முடிஞ்சிருக்கு. அதப் போயி யாராச்சும் கலைப்பாங்களா?"