ரெங்கத்துத் தாய்மரம்

அந்த மரத்தைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். முதல் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒட்டுக்கட்டும் வித்தை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. நிறையப் பால் தரும் மரத்திலிருந்து ஒரு மொட்டை எடுத்துச் சாதாரணக் கன்றின் பட்டைக்குள் செருகிக் கட்டினால், அந்தக் கன்று வளர்ந்து அதே மரமாகிவிடும். அதே நிலம், அதே ஆள், இரண்டு மடங்கு பால். லண்டனில் உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது? முதலில் அந்த நல்ல மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

துரை ஒரு பழைய ரப்பர் காட்டைத் தேர்ந்தெடுத்து, மரத்துக்கு மரம் தகரத்தில் எண் அடித்து மாட்டினார். மாதத்தில் ஒருநாள், பால் வெட்டுகிறவர்கள் பாலை வாளியில் சேர்க்காமல் மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். நான் கண்ணாடிக் குவளையோடு போய் ஒவ்வொரு மங்கின் பாலையும் அளந்து எழுத வேண்டும். ஒரு வருடம் இப்படி. பால் குறைந்த மரங்களை வெட்டித் தள்ளப் போகிறார்கள் என்று ஆட்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு. அதுவும் உண்மைதான்.

இரண்டாம் மாதம் நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, பால் வெட்டுக்காரி, பக்கத்து மரங்களின் மங்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரே மரத்தின் மங்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

அவள் கையிலிருந்த மங்கை முந்தானைக்குள் மறைத்தாள். "இந்த மரத்துல பால் கம்மிங்கய்யா. வெட்டிப்புடுவாங்களாமே?"

"வெட்டட்டுமே. ஒனக்கென்ன?"

"எம்புள்ள இதுக்கடியில இருக்குதுங்கய்யா."

நாற்பது நாள் பெண்குழந்தை. ஜன்னி கண்டு போயிருக்கிறது. இடுகாடு தூரம், இங்கே என்றால் தினமும் வேலைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தான் பால் வெட்டும் மர நிரையிலேயே யாருக்கும் தெரியாமல் புதைத்திருக்கிறாள். ஆயிரம் மரத்தில் ஒரு மரம், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். "கொஞ்சமா ஊத்து" என்று மட்டும் சொன்னேன்.

அவளும் தலையாட்டினாள். ஆனால் பிள்ளைக்கு ஊற்றுகிறவள் அளந்தா ஊற்றுவாள்? மாதா மாதம் அந்த மங்கு நிறைந்து வழிந்தது. நானாவது குறைத்து எழுதியிருக்கலாம். குவளையில் இருந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அரிச்சந்திரன். வருடக் கடைசியில் துரை கூட்டிப் பார்த்தார். தோட்டத்திலேயே முதல் மரம் அதுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அதற்குத் தாய்மரம் என்று பெயர் வைத்தார்கள். சுற்றிலும் வேலி போட்டார்கள். படம் பிடித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தைக் காட்டியே புதுப் பங்குகள் விற்றார்களாம். அந்தப் பணத்தில் பக்கத்துக் காட்டை வாங்கினார்கள், ஆலைக்குப் புது இன்ஜின் வந்தது. தாய்மரத்தைச் சுற்றியிருந்த பழைய மரங்களையும் சாய்த்துவிட்டு, அதன் மொட்டுக் கட்டிய கன்றுகளாகவே நட்டார்கள்.

"எம்புள்ளைக்கு வேலி போட்டுட்டாங்கய்யா" என்று அவள் முதலில் சிரித்தாள். பிறகு மொட்டுக்காகக் கிளை கிளையாகத் தறிக்கத் தொடங்கினார்கள். துளிர்க்கத் துளிர்க்கத் தறித்தார்கள். ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டாள்: "ஏங்கய்யா இப்பிடிக் கையக் கைய வெட்டுறாங்க?"

கன்றுகள் வளர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டை, இடுப்புயரத்தில் ஒரே சாய்வு. ஒரே வாரத்தில் இலை உதிர்த்தன, ஒரே வாரத்தில் துளிர்த்தன. வேறு தோட்டத்தில் பார்த்தால் அழகு என்றிருப்பேன். அடியில் இருப்பது தெரிந்த எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகலில் அந்த நிரைகளுக்குள் நடந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் மரம், அதற்குப் பின்னும் அதே மரம். அவளோ போகிற வழியில் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போவாள்.

ஆறாம் வருடம் கத்தி வைத்தார்கள். பால் சொட்டுச் சொட்டாக வந்தது. துரை முதலில் ஆட்களைத் திட்டினார், பிறகு கத்தியை மாற்றினார், பிறகு மண்ணைக் குறை சொன்னார். அதே சமயம் ரப்பர் விலையும் படுத்துவிட்டது. கடைசியில் மரத்தின் மேல் பழி விழுந்தது. தாய்மரத்தை வேரோடு பிடுங்கி அந்த இடத்தைச் சமன் செய்து, சுமத்ராவிலிருந்து வேறு மொட்டு வரவழைத்து நடச் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு அவள் ஆபீசுக்கு ஓடி வந்தாள். "நான் தொரைகிட்ட சொல்லிடுறேங்கய்யா, நான்தான் ஊத்துனேன்னு. என்னைய அடிக்கட்டும். மரம் என்னங்கய்யா தப்பு பண்ணுச்சு? அங்க மட்டும் தோண்ட வேணாமுன்னு சொல்லுங்க."

சொல்ல விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்குக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து. "சொன்னா ஒன்னைத் தோட்டத்த விட்டே தொரத்திடுவாங்கம்மா" என்று அவளுக்காகப் பயப்படுகிறவன் மாதிரி பேசித் திருப்பி அனுப்பினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரும்பு வடம் கட்டி மரத்தை இழுத்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எப்படியும் அவளைத் துரத்தத்தான் செய்தார்கள். விலை விழுந்ததும் பாதி லயத்தை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அவள் பெயரும் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போக லாரி நின்றபோது என்னிடம் வந்தாள். "அந்த எடத்த ஒருவாட்டி காட்டுங்கய்யா. ஒரு பிடி மண்ணு எடுத்துக்கறேன். எனக்கு அடையாளம் தெரியல."

கூட்டிப் போனேன். எல்லாம் ஒரே செம்மண் வெளி. வேலியும் இல்லை, குழியும் இல்லை. புது நிரைக்குக் குச்சிகள் மட்டும் நட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலடியில் ஓர் இடத்தைக் காட்டினேன்.

"நெசமா இங்கதானுங்களா?"

"இங்கதாம்மா" என்றேன்.

அவள் மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீங்க நல்லா இருக்கணுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு ஓடிப்போய் லாரியில் ஏறினாள்.

அவள் வாழ்த்து பலித்தது. அடுத்த வருடம் என்னைப் பெரிய கிராணி ஆக்கினார்கள்.