நாகலெட்சுமியின் நாற்பது நோய்ச் செடிகள்

நாகலெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய வலது முழங்காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். அவள் கூடையில் ஒரு பழுது இலை கிடந்தது என்று சத்தியம் செய்தாலும் கணக்குப்பிள்ளை நம்பமாட்டார். அப்பேர்ப்பட்டவளுக்கு 1955ஆம் ஆண்டு மழையில் முழங்கால் வீங்கிவிட்டது. மலை ஏறுவாள், இறங்க முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். புருஷனும் பிள்ளையும் இல்லாத அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஓர் அறைதான்.

அந்தச் சமயத்தில் டாக்டர் முத்துலிங்கம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இலண்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கிய பிறகும் படிப்பு தீராத ஜாதி. தேயிலையில் கொப்புள நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தை ஆராயச் சொல்லி, சீமையில் ஒரு சபை அவரை ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது. வேலை பிடித்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டுவார்களாம். தோட்டத்துத் துரை ஒரு பழைய களஞ்சியத்தை ஒழித்துக் கொடுத்து, அவருக்கு லேபிள் எழுதும் வேலையைச் சின்ன கிளாக்கராகிய என் தலையில் கட்டினார். சம்பளம் கூடவில்லை, வயிற்றெரிச்சல்தான் கூடியது.

களஞ்சியத்துக்குப் பக்கத்தில் சமதரையில் நாற்பது தேயிலைச் செடிகளை மருந்தடிக்காமல் விட்டிருந்தார்கள். அவற்றில் நோய் இலை பறித்து வந்து மேசைமேல் அடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் டாக்டர். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நாகலெட்சுமியின் பெயரைச் சொன்னவன் நான்தான். அந்தப் புண்ணியத்துக்காகப் பிறகு பல தடவை தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் நாள் டாக்டர், "நாகலெட்சுமி, நீங்கள் இஞ்சாலை வாங்கோ" என்றார். யாரோ துரைசாணி வந்துவிட்டாள் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவளை "நீ" என்று கூப்பிட்டாலே அது மரியாதை.

ஒரு மணி நேரத்தில் கூடையோடு வந்தாள். உள்ளே பளபளவென்று இரண்டிலையும் மொட்டும். கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

"ஏண்டி, நோய் இலைதானே கேட்டாரு?" என்றேன்.

"கெட்டதத்தாங்க பறிச்சேன். கூடைக்குப் போற வழியில கையி அதுவாவே கீழ போட்டுருது" என்றாள்.

பழுது இலையைக் கூடையில் போடப் பழக அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகும் அதை முந்தானையால் மூடித்தான் கொண்டுவருவாள்.

டாக்டர் அவளை நுண்ணோக்கிக்குள் பார்க்கவிட்டார். இலைக்குள்ளே லயம் மாதிரி வரிசையாக அறைகள் இருக்கின்றன, பூஞ்சணம் நூல்போல அறைகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுத் தின்கிறது என்று விளக்கினார்.

"அப்ப ஒவ்வொரு வீட்டு அடுப்புலயும் கை வைக்கிறானா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை.

டாக்டருடைய கவலை வேறு. அந்தப் பூஞ்சணத் திருடன் முதல் அறைக்குள் எப்படி நுழைகிறான் என்பதே அவர் ஆராய்ச்சி. கொப்புளம் எழும்பிவிட்டால் திருடன் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் வீடுதான் கிடைக்கும். அவருக்குத் திருடன் சுவரில் கை வைக்கும் நேரம் வேண்டும். பதினொரு மாதமாக அது அகப்படவில்லை. அதற்குள் சபையில் இருந்து பேராசிரியர் ஹார்ட்லி வருகிறார் என்று கடிதம் வந்துவிட்டது. நோய்ச் செடிகளைப் பார்த்து, நீட்டுவதா நிறுத்துவதா என்று அவர்தான் எழுத வேண்டும். நிறுத்தினால் டாக்டர் யாழ்ப்பாணத்துக்கு, நாகலெட்சுமி மலைக்கு.

திங்கட்கிழமை காலை துரையும் ஹார்ட்லியும் வந்தார்கள். டாக்டர் பெருமையோடு செடிகளைக் காட்டக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. நாற்பது செடியும் கல்யாணப் பெண்போலச் சுத்தமாக நின்றன. கொப்புளம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை.

"எங்கை கொப்புளமெல்லாம்?" என்றார்.

"விடிஞ்சதும் எல்லாத்தையும் பறிச்சுப் பொதைச்சிட்டேங்க" என்றாள் நாகலெட்சுமி. "சீமையில இருந்து ஆளு வாராங்க. வீட்டக் கூட்டாம எப்புடிங்க காட்டுறது?"

இதை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. துரை தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். இவ்வளவு ஆரோக்கியமான தேயிலையைப் பார்க்க ஆறாயிரம் மைல் கப்பலில் வந்தேனே என்றார் ஹார்ட்லி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகே நாகலெட்சுமிக்கு நடந்தது புரிந்தது. உடனே குனிந்து ஓர் இலையைப் புரட்டினாள்.

"நோவு எங்கயும் போகலைங்க. இந்தா இருக்கு."

ஹார்ட்லி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், டாக்டர் பார்த்தார், நானும் பார்த்தேன். பச்சை இலை, அவ்வளவுதான்.

"வேர்த்த மாதிரி ஒரு பொட்டுத் தெரியலீங்களா? சனிக்கிழமைக்குள்ள வீங்கிரும். இந்த மாதிரிய எத்தன வருசமா கண்டு கழிச்சிருக்கேன்."

இருபது இலைகளை இவள் காட்டட்டும், சனிக்கிழமை மதியத்துக்குள் பதினைந்து இலையாவது கொப்புளித்தால் இரண்டு வருஷம் நீட்டச் சொல்லி எழுதுகிறேன் என்றார் ஹார்ட்லி. நாகலெட்சுமி இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் நூல் உருவி இருபது இலைக்காம்பில் கட்டினாள். அதேபோல இன்னும் சிலவற்றைப் பறித்து டாக்டரின் மேசையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. டயகமவில் ஒரு மாதமாக முகம் காட்டாத வெயில். தோட்டமே கம்பளியும் போர்வையும் காயப்போட்டுக் குதூகலித்தது. பூஞ்சணத்துக்கோ வெயில் பரம விரோதி. சூரியனை அப்படித் திட்டியவளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

புதன்கிழமையும் வெயில். அவள் மாரியம்மன் கோயிலுக்கு நொண்டிக்கொண்டே போய், இருபது இலைக்கும் அம்மை முத்துப் போடச் சொல்லி வேண்டிக்கொண்டாள். பூசாரி செல்லசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் எறங்கச் சொல்லித்தான் தாயீ வேண்டுவாங்க. நீ ஏத்தச் சொல்றியே?"

"எலைக்குத்தானே கேக்குறேன். மனுசருக்கா கேட்டேன்?" என்றாள்.

வியாழக்கிழமை நான் போனபோது அவள் குச்சி நட்டுக் கம்பளியைச் செடிகளுக்கு மேலே விரித்திருந்தாள். கம்பளி எட்டாத இடத்தில் இலண்டன் பட்டதாரி குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் ஆராய்ச்சியா சார்?" என்று கேட்டேன்.

"மழைக்கால நிலைமையைப் பேணுறம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த நேரம் பார்த்து ஹார்ட்லி நடந்து வந்தார். மூவரும் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டோம். அவர் கம்பளியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். பிறகு வெயில் விழுந்த ஒரு செடிக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் ஆறடி நிழலை அதன்மேல் விட்டபடி சுருட்டுப் பற்றவைத்தார். அந்த மனுஷனை எனக்கு அன்றுதான் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மூடுபனி இறங்கியது. களஞ்சியத்துக்குள் இருந்து டாக்டர் "வந்திட்டான், வந்திட்டான்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். நாகலெட்சுமி பொட்டுத் தெரிகிறது என்று கொடுத்த இலைகளில் ஒன்றில், பூஞ்சண நூல் முதல் அறைச் சுவரைத் துளைத்து நிற்பது தெரிந்ததாம். பதினொரு மாதம் காணாத திருடன்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். சனிக்கிழமை எல்லோரும் கூடினோம். நான் எண்ணினேன். நூல் கட்டிய இலைகளில் பதினான்கு கொப்புளித்திருந்தன. மீதி ஆறும் சும்மா இருந்தன. மறுபடி எண்ணினேன், பதினான்குதான். ஹார்ட்லி கடிகாரத்தை எடுத்தார். நான் மூன்றாம் தடவை எண்ணத் தொடங்கினேன். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான் அல்லவா.

"கிளாக்கரய்யா, நீங்க பேனா புடிக்கிறவரு" என்று நாகலெட்சுமி என்னை ஒதுக்கினாள். மீதி இலைகளின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே போனாள். நான்காவதில் விரல் நின்றது. ஆறாவதிலும் நின்றது. ஹார்ட்லி தன் விரலால் தொட்டுப் பார்த்தார். மிளகளவு மேடு, இரண்டிலும்.

பதினாறு.

ஹார்ட்லி அங்கேயே நின்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நாகலெட்சுமி, இன்னும் ரெண்டு வருசம் உங்களுக்கு இஞ்சைதான் வேலை" என்றார்.

அவள் முழங்காலைப் பிடித்தபடி செடியோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, அந்த ரெண்டு வருசத்துக்குள்ள நீங்க இந்த நோவ ஒழிச்சிர மாட்டீங்கள்ல?"

அந்த நோயை ஒழிப்பதற்கென்றே படித்த மனுஷர் நாற்பது செடிகளையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார்.

"அவசரப்படமாட்டன்" என்றார்.