விக்னராஜாவை ‘நீ’ என்ற கொரியன்

விக்னராஜாவின் மீசை கறுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அவரே அதைக் கறுப்பாக்குகிறார் என்பது சிட்னியின் பென்டில் ஹில்லில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரே சீவன் அவர்தான்.

அவர் வேலை செய்த களஞ்சியசாலையை ஆறு வருடங்களுக்கு முன் இழுத்து மூடிவிட்டார்கள். அந்த மீசையோடுதான் ஒரு கொரியக் கோஷ்டியிடம் வேலை கேட்டுப் போனார். புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற கோஷ்டி அது. அதன் தலைவன் யூன், குட்டையான ஆள், கழுத்து என்ற ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கை குலுக்கிய கையோடு யூன் கேட்ட முதல் கேள்வி, வயது என்ன என்பதுதான்.

வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவன் வயதைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வாயில் உண்மை வருமா? டைல்ஸ் பெட்டி தூக்குவானா என்று நாடி பிடிக்கிறான் போல என நினைத்த விக்னராஜா, கண்ணும் இமைக்காமல் எட்டு வயதை வெட்டிவிட்டார். யூனின் முகம் மலர்ந்துபோயிற்று. தன்னைவிட மூன்று வயது இளையவன் கிடைத்துவிட்டான். தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “நொ” என்று பேச்சைத் தொடங்கினான். அன்றைக்குப் பிடித்தது சனி.

யூன் பெட்டி தூக்கவா கேட்டான், பாவம்? இந்த மனிதனை என்னவென்று கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆங்கிலத்தில் பிரதமரும் ‘யூ’, பக்கத்து வீட்டு நாயும் ‘யூ’, பிரச்சினை முடிந்தது. கொரியனுக்கு அப்படி முடியாது. இளையவனும் ஒத்த வயதுக்காரனும் ‘நொ’. அதாவது நீ. மூத்தவனைச் சுட்டுவதற்கோ ஒரு சொல்லும் கிடையாது. ‘ஹியோங்நிம்’, அதாவது அண்ணை என்று உறவைச் சொல்ல வேண்டும், அல்லது பதவியைச் சொல்ல வேண்டும். ‘தங்சின்’ என்று இன்னொன்று இருக்கிறது. அது வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் கொஞ்சல், நடுத்தெருவில் கார் உரசினால் கைகலப்புக்கு அழைப்பு. ஆகவே வயது தெரியாமல் கொரியன் வாயே திறக்கமாட்டான்.

நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி கட்டி வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இது விளங்காமல் போயிருக்கக் கூடாது. அதுவும் கல்யாணம் கட்டிய நாள் முதல் “இஞ்சாருங்கோ” என்பதைத் தவிர வேறொரு பெயரால் புருஷனைக் கூப்பிட்டறியாத சத்தியபாமாவோடு குடித்தனம் நடத்துகிற ஒருவருக்கு. ஆனால் எட்டு வயதை வெட்டிய சந்தோசத்தில் அவருக்கு மூளை வேலை செய்யவில்லை.

வேலைத்தலத்துக் கொரிய மொழி பிடிபடத் தொடங்கிய பிறகுதான் விசயம் உறைத்தது. பசையைக் குழை என்றாலும் நொ, வழியில் நிற்காதே என்றாலும் நொ. சொல்கிறவன் உண்மையில் அவரைவிட ஐந்து வயது இளையவன். வெள்ளிக்கிழமைகளில் குடிக்கப் போனால் விக்னராஜா இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்து யூனுக்கு ஊற்ற வேண்டும். தன் கிளாசைக் குடிக்கும்போது மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பொடிப்பயலுக்கு முன்னால். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று குமுறுவார்.

“ஒருநாள் இவன்ர வாயால என்னை அண்ணை எண்டு சொல்லவைக்காட்டி நான் விக்னராஜா இல்லை.”

“அப்ப உண்மையான வயசைச் சொல்லுங்கோவன்,” என்பாள் சத்தியபாமா, வெங்காயத்தில் கண்ணை வைத்துக்கொண்டு.

வீட்டை விற்கச் சொன்னதுபோல அவளைப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் பொய்யன் என்று தெரிந்துவிடும். கிழவன் என்றும் தெரிந்துவிடும். இரண்டில் எது பெரிய வெட்கம் என்று அவருக்கே நிச்சயமில்லை. எனவே மரியாதையும் வேண்டும், வயதும் போகக் கூடாது என்று ஆறு வருடம் விழுங்கிக்கொண்டே இருந்தார்.

விழுங்கினார் என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. காலையில் வேலை தொடங்க முன் வேனில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு சிகரெட் ஊதுவார்கள். யூன் தன் மாமியாரைத் திட்டுவான், மலச்சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்லுவான். உலகத்து மொழிக்கெல்லாம் தமிழ்தான் தாய் என்ற கட்சிக்காரரான விக்னராஜா, கொரியனில் ‘நா’ என்றால் நான், ‘நீ’ என்றால் நீ, எல்லாம் எங்களிடம் களவெடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்துவார். யூன் விழுந்து விழுந்து சிரிப்பான். பழைய சொல் ‘நொ’தான், ‘நீ’ இப்போது வந்த பேச்சு, நான் என்பதற்கும் நீ என்பதற்குமான கொரியச் சொற்கள் இரண்டும் வாக்கியத்தில் வரும்போது ‘நே’ என்று ஒரே சத்தமாகிப் போனதால், யார் யாரைச் சொல்கிறார்கள் என்று குழம்பி சனங்கள் ‘நீ’ என்று மாற்றிக்கொண்டார்கள் என்பான். விக்னராஜா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகட்டும், உனக்கு உன் மொழியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

இப்படியிருக்க அவருக்கு உண்மையாகவே அறுபது வந்தது. அறுபதாம் கலியாணம் செய்தே தீருவேன் என்று சத்தியபாமா ஒற்றைக்காலில் நின்றாள். வேலைத்தலத்தில் ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு விக்னராஜா தலையாட்டினார். அவளும் ஓம் என்றாள். ஆனால் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவளுடைய வடையில் ஒரு தட்டை ஒற்றையாளாகக் காலி பண்ணியவனை அழைக்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. கணவருக்கு விசேசம், வாருங்கள் என்று யூனுக்குப் போன் போட்டுவிட்டாள். என்ன விசேசம் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஐயர் தாலி கட்டவைத்து முடித்து, மாலையும் கழுத்துமாக விக்னராஜா மேடையில் நிற்கும்போது யூன் கோட் சூட்டில் வந்தான். கையில் சிவப்புப் பட்டில் சுற்றிய ஜின்செங் மூலிகைவேர்ப் பெட்டி. விக்னராஜாவின் தலைக்கு மேலே, ஆளுயரத்துக்குத் தங்க நிறத்தில் இரண்டு பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று ஆறு, மற்றது பூச்சியம்.

யூன் பலூனைப் பார்த்தான். விக்னராஜாவைப் பார்த்தான். மறுபடி பலூனைப் பார்த்தான். பலகாரத் தட்டோடு போன ஒருவரை மறித்து என்னவோ கேட்டான். அவர் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினார். கொரியர்களுக்கும் எங்களைப்போல அறுபது ஆண்டுச் சுற்று உண்டு, அறுபது நிறைந்தால் பெரிய விழா உண்டு. அங்கே என்ன செய்வார்களோ அதை யூன் செய்தான். மேடைக்கு முன்னால் வந்து, கோட்டைச் சரிசெய்து, முழங்காலில் இறங்கி, நெற்றி தரையில் படும்படி விழுந்து கும்பிட்டான். எழுந்து, “ஹியோங்நிம்” என்றான்.

மண்டபம் கைதட்டியது. பார்த்தீர்களா மரியாதையை, எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று போன்களைத் தூக்கிப் படமெடுத்தார்கள். ஆறு வருடம் தவமிருந்து கேட்ட சொல். விக்னராஜாவோ யூனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யூன் ஒரு தரமும் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே போய்விட்டான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அவருக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தது. பெட்டியைத் தூக்கப் போனார், யூன் வாங்கிக்கொண்டான். பசையைக் குழைக்கப் போனார், ஹியோங்நிம் இருங்கள் என்றான். சாப்பாட்டு நேரத்தில் முதல் தட்டு அவருக்கு. மத்தியானம் வரை ராசாமாதிரி இருந்தது, மறைப்பானேன். பிறகு குண்டி நோகத் தொடங்கியது. ஒரே நாளில் மனிதனைக் கிழவனாக்கிவிட்டார்கள்.

மற்ற நாட்களும் அப்படியே. யாரும் அவரைத் திட்டவில்லை. மாமியாரைப் பற்றி ஒரு கதை இல்லை. மலச்சிக்கலும் நின்றுபோயிற்று. காலையில் வேனில் சாய்ந்துகொண்டு அவர் தனியாக ஊதினார். யூன் சிகரெட்டையே விட்டுவிட்டான் என்று நினைத்தார்.

வியாழக்கிழமை வேனுக்குப் பின்னால் புகை எழும்பியதைக் கண்டு எட்டிப் பார்த்தார். யூன் திடுக்கிட்டு சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அண்ணைக்கு முன்னால் புகைப்பது அவர்களிடமும் மரியாதைக் குறைவு. விக்னராஜாவுக்குப் பொறுக்கவில்லை. விளையாட்டை விடு, பழையபடி நொ என்று கூப்பிடு என்றார். முடியாது என்றான். அண்ணை சொல்கிறேன், கேட்கமாட்டாயா என்று அதட்டியும் பார்த்தார். யூன் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். பாதி கொரியனும் பாதி ஆங்கிலமுமாக அவன் சொன்னதை, அன்று பின்னேரம் விக்னராஜா சத்தியபாமாவுக்குத் தமிழில் இப்படிச் சொன்னார்:

“ஆறு வருசமா மூத்த ஒரு மனிசனை நொ எண்டு கூப்பிட்டிருக்கிறன். ஊத்தித் தரச் சொல்லிக் குடிச்சிருக்கிறன். என்ர தாய் அறிஞ்சால் என்ர முகத்தில முழிக்கமாட்டா. உங்களுக்கு அது பகிடி. என்னை வளர்ப்பில்லாதவன் ஆக்கிப்போட்டியள்.”

அவமானப்பட்டது தான் என்றல்லவா விக்னராஜா இவ்வளவு காலமும் குமுறிக்கொண்டிருந்தார். சீ, என்ன வேலை பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அப்ப ஏசு,” என்றார் யூனிடம். “நல்லா ஏசு.”

அண்ணையை ஏசக் கூடாது என்றான் யூன்.

“அப்ப என்னை ஆர் ஏசுறது? அம்மா இல்லை. ரெண்டு அண்ணைமாரும் இல்லை. இந்த ஊரில நான் எல்லாருக்கும் அங்கிள். என்னை நீ எண்டு சொல்ல இந்த நாட்டில ஒருத்தரும் இல்லையடா. நீ ஒருத்தன்தான் இருந்தாய்.”

அதைச் சொல்லும்வரை அது அவருக்கே தெரியாது. சொன்ன பிறகு கண் கலங்கிவிட்டது.

யூன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். வேனுக்குப் பின்னால் வேறு ஒருவரும் இல்லை.

“நொ,” என்றான் மெல்ல. பிறகு அவ்வளவு மெல்ல இல்லை. நீ ஒரு பொய்யன். நீ ஒரு மடையன். நீ எல்லாம் ஒரு மனிதனா. கொரியனில் விக்னராஜாவுக்கு விளங்காத சொற்களும் நிறைய வந்தன, எல்லாவற்றிலும் நொ இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றார்.

“நீ ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?” என்று கடைசியாக யூன் கேட்டபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

விக்னராஜா அவனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றார்.