மங்களூரு வீடியோவில் இருந்த அம்மா

மங்களூரு போய் வந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தேன். கடற்கரை, கோயில், அந்த ஊர்ச் சாப்பாடான கோரி ரொட்டி எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் மீன் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா யாரிடமோ கத்துவதையும் சேர்த்திருந்தேன். அதன்மேல் நான் எழுதியது: "ஊரே மணக்கிறது, இந்த அம்மா வாயைத் திறக்கும் வரை."

நிறையப் பேர் சிரித்தீர்கள்.

இன்று காலை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி போகும் ஆபீஸ் பஸ்ஸில், ஆபீஸில் எங்கள் மாடியிலேயே வேலை பார்க்கும் ஷைலஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மங்களூருக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவாள்.

"அக்கா, உங்க வீடியோல வர்ற அந்த மீன் விக்கிறவங்க எங்க அம்மா."

"ஐயோ, உங்க அம்மான்னு தெரியாது ஷைலஜா" என்றேன். வேறு யாருடைய அம்மாவாக இருந்தால் பரவாயில்லை என்பதுபோல.

"அம்மாக்கு வீடியோ காட்டினேன். ரொம்ப குஷி ஆயிட்டாங்க. மேல என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எனக்குத் தமிழ் படிக்க வராதில்ல, போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். அம்மாகிட்ட, இங்க மீன் ரொம்ப ஃப்ரெஷ்ஷுன்னு எழுதியிருக்குன்னு சொல்லிட்டேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடனே அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"அழிக்காதீங்கக்கா. தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டிருக்காங்க. எழுதினத மட்டும் ஸ்வல்ப மாத்திடுங்க."

டோல் தாண்டுவதற்குள் மாற்றிவிட்டேன். ஷைலஜா அம்மாவிடம் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன். அவரிடம் நான் ஒரு மீன்கூட வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வீடியோவின் கீழே சிரித்து கமெண்ட் போட்டவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். என்னைத் திட்டுவதென்றால் இங்கே இருக்கிறேன், தாராளமாக வரலாம்.