அவர் அளந்த சிகரமும் என் தம்பி ஏறிய சிகரமும்

என் வீட்டுக்காரர் மலை அளப்பவர். கோணம் பார்க்கும் தியோடலைட்டை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் ஏறுவார். இறங்கி வந்து அலுவலக மேசைமேல் கவிழ்ந்து படம் வரைவார். ரயிலில் அந்தக் கருவிக்கு ஜன்னலோர இருக்கை, எனக்கு நடு இருக்கை. புதுக் கட்டில் வந்த அன்று சாய்வாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

ஆனால் வேலையில் சுத்தம். அவர் எழுதிக் கொடுத்த உயரத்தை யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள். அவர் அளந்த மலைத்தொடரிலேயே உயரமான சிகரம் எது என்று படத்தில் குறித்ததும் அவர்தான். அதில் முதலில் ஏறியவன் என் தம்பி. குளிரில் கால்விரல்கள் கருகிப்போக, அதோடு ஏறுவதை விட்டுவிட்டு, கயிறும் பூட்ஸும் கூடாரமும் விற்கும் கடை போட்டான். 'உச்சியைத் தொட்டவர் கடை' என்று வாசலில் பலகை. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள்.

பல வருடம் கழித்து இவர் வடக்குப் பக்கத்தை அளக்கப் போனார். திரும்பி வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன். அது ஒரு சிகரம் இல்ல, ரெண்டு. கிழக்கேருந்து ஒண்ணைப் பாத்திருக்கேன், மேற்கேருந்து இன்னொண்ணைப் பாத்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன். வடக்கேருந்து தனித்தனியாத் தெரியுது. உன் தம்பி ஏறினது சின்னது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மலையா வந்து சாட்சி சொல்லப் போகுது? வாயை மூடிக்கிட்டு இருங்க. அவன் வயித்துல அடிக்காதீங்க."

"படத்தை நம்பி ஆளுங்க ஏறுறாங்க."

அதற்குமேல் அவரிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான். அலுவலகத்தில் சொல்வதற்கு முன்னால் தம்பியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கிளம்பினார். நானும் விடாமல் கூடப் போனேன். அடிதடி ஆனால் விலக்கிவிட ஆள் வேண்டாமா?

தம்பி கடையில் ஒரு பூட்ஸுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தான். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குரல் நடுங்கியது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

தம்பி நிமிரவில்லை. "தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"மேல நின்னப்பவே தெரிஞ்சுது. பக்கத்துல இன்னொரு சிகரம் என் தலைக்கு மேல நின்னுச்சு. அதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?" என்று கத்தியது நான்.

"சொன்னா அத்தான் பேரு என்னக்கா ஆகும்? ஒரே மேகம், ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டேன்."

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு ஆளுக்கொரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

தம்பி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தான்.

"சீக்கிரம் திருத்திடுங்க அத்தான். கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் பொய் சொல்லிச் சொல்லி வாயே கசந்துபோச்சு."